பதினாலாம் நம்பர் பனியன்

அந்தப் பையை மேலே வைக்காதீர்கள் அக்கா, கசங்கிவிடும். இங்கே கொடுங்கள், என் மடியிலேயே இருக்கட்டும். குழந்தையோடு நிற்கிறீர்களே என்றுதான் தள்ளி உட்கார்ந்தேன். ஜன்னலோரத்தை மட்டும் கேட்காதீர்கள். போடியில் வெளுக்கிறதற்கு முன்னால் ஏறியவள், எனக்குக் குமட்டும். பழனியில் மொட்டை போட்டுவிட்டு வருகிறீர்களா? சந்தனம் என் சேலையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரனா? மகனா? சரி, சரி. பார்க்க அப்படித் தெரிந்தது, அதனால் கேட்டேன்.

நான் யாரிடமும் பேசுகிறவளே இல்லை. எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள், வனிதாவா, அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாதே என்று. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். பதினாறு வயதில் கல்யாணம், பதினேழில் கையில் பிள்ளை. புது ஆள் யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். டாக்டரிடம் போனால்கூட எனக்கு எங்கே வலிக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர்தான் சொல்வார். அப்படி இருந்தவளைத் தனியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வைத்துவிட்டாள் ஒருத்தி. அவள் நன்றாக இருப்பாளா?

பிரமிளா மேடம் என்று பெயர். அங்கே ஒரு பெண்கள் காலேஜில் விளையாட்டுக்குப் பொறுப்பு. கழுத்தில் எந்நேரமும் விசில். காலேஜ் பெயரை நான் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்கே தெரியும். கலெக்டர் மகளும் டாக்டர் மகளும் வரிசையில் நிற்கிற காலேஜ். அறுநூற்றுக்கு ஐநூற்றுத் தொண்ணூறு வாங்கியிருந்தால் விண்ணப்பத்தைக் கையில் வாங்குவார்கள். என் மகள் தாரணி ஐநூற்று எழுபத்தொன்று. எங்கள் ஊரில் அது பெரிய மார்க்கு, அந்தக் காலேஜில் அதற்கு வாட்ச்மேன்கூட கேட்டைத் திறக்க மாட்டான். ஆனாலும் என் மகளுக்கு இடம் கிடைத்தது. எதில் கிடைத்தது? விளையாட்டில். பாஸ்கெட்பாலில். விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று வருஷத்துக்கு ஆறு இடம் வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று. படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம்.

பெருமைக்குச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவள் ஸ்கூல் டீம். ஐந்து வருஷம். பதினாலாம் நம்பர். இந்தப் பைக்குள் இருப்பது அந்தப் பனியன்தான். நேற்று பெட்டி போட்டு மடித்தது, அதனால்தான் கசங்கக் கூடாது என்றேன். டீமில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் அழுவார்கள், செம்மண் கறை போகவில்லை, எத்தனை சோப்புப் போட்டாலும் வேர்வை நாற்றம் போகவில்லை என்று. எங்கள் தாரணியின் பனியன் காலையில் போட்டுப் போன மடிப்புக் கலையாமல் சாயங்காலம் வீட்டுக்கு வரும். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. நான் சும்மா தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பேன். அவ்வளவு சுத்தமான ஆட்டம் அவளுக்கு.

நான் போய்ப் பார்த்ததில்லை. ஆம்பிளைகள் சுற்றி நின்று கத்துகிற இடம், அங்கே எனக்கு என்ன வேலை? ஒரு தடவை சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்து மதில் வரைக்கும் போனேன். மதிலுக்கு மேலே பந்து எழும்பி எழும்பித் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும், இது தாரணி போட்டது, இது தாரணி போட்டது என்று நினைத்துக்கொண்டே நின்றுவிட்டுத் தூக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மாவட்ட அளவில் இரண்டு தடவை ஜெயித்தார்கள். சர்டிபிகேட்டில் பன்னிரண்டு பெயர், பன்னிரண்டாவது பெயர் என் மகள். பி.டி. சார் எங்கள் வீட்டுக்காரரிடம் அவர் வாயாலேயே சொன்னார், தாரணி இல்லையென்றால் இந்த டீமே இல்லை, மற்ற பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டெல்லாம் அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள் என்று. பாருங்கள், ஆட்டமும் ஆடி எழுதியும் கொடுத்திருக்கிறாள்.

என் மூத்த நாத்தனார் சுருளியம்மாள் இருக்கிறாளே, அவளுக்கு அப்போதிருந்தே வயிற்றெரிச்சல். அவள் மகளும் அதே ஸ்கூல், அதே வகுப்பு. ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு சொல்கிறாள், "உன் மக பந்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லைன்னு எங்க பிள்ளை சொல்லுது" என்று. எனக்குத்தான் பேச வராதே. மறுநாள் அவள் மாவு ஆட்ட வந்தபோது கரண்ட் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்லுங்கள், ஆடத் தெரியாத பிள்ளையைத் தேடி அவ்வளவு பெரிய காலேஜிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்களா?

வந்தாள். போன மே மாதம். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன், கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. பிரமிளா மேடம் முன் அறையில் உட்கார்ந்து டீயைத் தொடக்கூட இல்லை, மார்க் ஷீட்டைக் கேட்டாள். ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் போனில் என்னவோ கணக்குப் போட்டாள். அப்புறம் மறுபடியும் மார்க் ஷீட். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆட்டத்தைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே, இனிமேல் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர், மலைக்கு ஏலக்காய் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிறவர், நாலு பேரிடம் பழகியவர். அவர்தான் கேட்டார், பிள்ளை ஐந்தடி ஒரு அங்குலம்தானே, உயரம் போதுமா என்று. அதற்கு அந்த அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"உயரத்துக்கு வேற ஆள் இருக்குங்க. எனக்கு உங்க பொண்ணுதான் வேணும். மூணு வருஷம் குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

இந்த வாக்கியத்தை நான் அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னேன்! பேசவே பேசாதவள் கிட்டங்கியில் போய்ச் சொன்னேன், தண்ணீர்க் குழாயில் சொன்னேன், சுருளியம்மாள் காதில் விழுகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன்.

கிட்டங்கி என்றால் ஏலக்காய்க் குடோன். நான் காய் பொறுக்குகிறேன். பதினாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய காய், நடுக்காய், சின்னக் காய் என்று பிரித்துப் போட வேண்டும். நாத்தனாரும் அங்கேதான், எனக்கு எதிர் வரிசை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

ஜூனில் காலேஜில் சேர்த்தோம். மேட்ச் இருக்கிற நாளெல்லாம் போன் பேசுவேன். நல்லா ஆடினாயா என்றால், "ஜெயிச்சுட்டோம்மா" என்பாள். எத்தனை கோல் போட்டாய் என்றால், "கோல் இல்லம்மா, பாயிண்டு" என்பாள். எத்தனை பாயிண்டு என்றால், சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள் என்று வைத்துவிடுவாள். பிள்ளைக்கு அலட்டிக்கொள்கிற குணமே கிடையாது. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

டிசம்பரில் பெரிய போட்டி ஒன்று. பைனல். அதை யூடியூப்பில் அப்படியே காட்டுவார்கள் என்று அவள் அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் விடுவேனா? முதலாளியிடம் கேட்கக் கூச்சம், கணக்கரைக் கேட்க வைத்தேன். ஒன்றரை மணி நேரம் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று முதலாளியே சொல்லிவிட்டார். கணக்கருடைய பெரிய போனை ஒரு ஏலக்காய் மூட்டை மேல் சாய்த்து வைத்துப் பதினாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நான் எல்லோருக்கும் காராசேவு வாங்கிப் போயிருந்தேன். என் மகள் பதினாலாம் நம்பர், பார்த்துக்கொள்ளுங்கள், பதினாலாம் நம்பர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காலேஜிலும் அதே நம்பரைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

பதினாலாம் நம்பர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இப்போது இறங்குவாள், இப்போது இறங்குவாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இறங்கவில்லை. கையில் ஒரு நோட்டு, பேனா. நிமிர்ந்து பார்க்கிறாள், எழுதுகிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள், எழுதுகிறாள். பாடம் நிறைய இருந்திருக்கும், பாவம், அந்தச் சத்தத்திலும் படிக்கிறாள். நடுவில் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். நிறுத்தினதும் அந்தப் பிரமிளா மேடம் நேரே வந்து என் பிள்ளை எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் பிடுங்கினாள் அக்கா. பிடுங்கி, ஆடுகிற ஐந்து பேரையும் கூப்பிட்டு, எல்லோரும் அதற்குள் தலையை விட்டுப் பார்க்கிறார்கள். என் பிள்ளை என்னவோ விரலை வைத்து வைத்துச் சொல்கிறாள், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பாள். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே நிற்கிறாள், நோட்டைக் கொடுக்கவில்லை. இது நடந்தது ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

அதைவிடக் கொடுமை, அந்த நெட்டைச்சி. ரோஸ்லின் என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம். ஆறடி ஒரு அங்குலம். அவள்தான் எல்லாக் கூடையிலும் போடுகிறாள். ஓய்வுக்கு வந்து உட்கார்ந்தால் என் மகள் துண்டு எடுத்துக் கொடுக்கிறாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறாள், காதில் என்னவோ சொல்கிறாள். அவளும் மண்டையை ஆட்டிவிட்டு ஓடுகிறாள். கடைசியில் இரண்டு பாயிண்டில் ஜெயித்தார்கள். ஜெயித்ததும் அந்த நெட்டைச்சி யாரிடமும் போகாமல் நேராக ஓடி வந்து என் மகளை அப்படியே குண்டுக்கட்டாகத் தூக்கித் தோளில் உட்கார வைத்துச் சுற்றுகிறாள். வயசுப் பிள்ளையை, அத்தனை பேர் முன்னால். மற்றதுகளும் சுற்றி நின்று தாரணி, தாரணி என்று கத்துகிறதுகள். கேலி செய்வதற்கும் ஒரு அளவு இல்லையா? என் மகளும் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வாள், இறங்கத் தெரியாமல் இருந்திருப்பாள்.

கிட்டங்கியில் காராசேவைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் சுருளியம்மாள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"தண்ணி எடுத்துக் குடுக்கவா வனிதா கோயம்புத்தூரு வரைக்கும் அனுப்பின? நம்ம கிட்டங்கிலயே குடம் இருக்கே."

பதினாலு பேரும் சிரித்தார்கள். இல்லை, பதிமூன்று பேர். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பெரிய காயில் சின்னக் காயைப் போட்டு, சின்னக் காயில் பெரிய காயைப் போட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

குழந்தை நெளிகிறான், தோளில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத் தோளில்.

பொங்கலுக்கு வந்தாள் மகள். தனியாக வரவில்லை, அந்த ரோஸ்லினையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊருக்குப் போய் வர அவளுக்கு நாள் போதாதாம். எங்கள் நிலைப்படியில் அவள் குனிந்து உள்ளே வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. நான் வா என்றுகூடச் சொல்லவில்லை. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நேரே அடுப்படிக்கு வந்து, பரணில் இருந்த பொங்கல் பானையை ஸ்டூல் இல்லாமல் நின்றபடியே எடுத்துக் கொடுத்தாள். எட்டு இட்லி தின்றாள். தின்ற தட்டையும் கழுவி என் தட்டையும் கழுவினாள். சாயங்காலம் ஆனால் என் மகள் பாடம் சொல்லிக் கொடுக்க, இவள் வாய்விட்டுப் படிக்க, பொங்கல் அன்றைக்கும் அதேதான். பண்டிகை நாளில் என் பிள்ளைக்கு ஓய்வு உண்டா?

இரண்டாம் நாள் நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், "ஆன்ட்டி, தாரணி இல்லன்னா எனக்கு அந்தக் காலேஜே இல்ல" என்று. எனக்குச் சுருக்கென்றது. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு என்னடி அர்த்தம் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

அந்தக் காலேஜில் ஒரு சட்டம் இருக்கிறதாம். விளையாட்டுக்கு எடுக்கிற ஆறு பேருடைய மார்க்கையும் கூட்டி ஆறால் வகுத்தால் எண்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாதாம். காலேஜ் பெயர் கெட்டுவிடுமாம். இந்த ரோஸ்லின் வாங்கியது முந்நூற்று நாற்பது. அவளை எடுத்தால் கணக்கு உதைக்கிறது. அவளை எடுக்காவிட்டால் கோப்பை இல்லை. அதனால் அந்தப் பிரமிளா மேடம் தூக்கிப் பிடிக்க ஒரு மார்க்கைத் தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறாள். டீம் லிஸ்டில் பெயரும் இருக்க வேண்டும், மார்க்கும் இருக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் வீட்டு டீ ஆறினது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. மேடம் சேர்றதுக்கு முன்னாடியே என்கிட்ட மறைக்காம சொல்லிட்டாங்க. எனக்கு அங்க பிடிச்சிருக்கு. நான்…" என்று என்னவோ சொல்ல வந்தாள். "ஸ்கூல்லயும் நான்…" என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. போதும் என்று வாயை மூட வைத்துவிட்டேன்.

எனக்கு வகுத்தல் கணக்குத் தெரியாதென்று நினைத்துவிட்டாள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? தினமும் இதே வேலைதானே பார்க்கிறேன். ஏலக்காயை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு லிட்டர் படியில் அளந்து எடை போடுவார்கள். நல்ல காய் என்றால் அந்த ஒரு லிட்டர் இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று உண்டு. சில காய் பார்க்கப் பெரிதாக, பச்சைப்பசேல் என்று இருக்கும், உள்ளே அரிசி, அதாவது விதை, இருக்காது, பொக்கு. எடை நிற்காது. அப்போது முதலாளி எங்களிடம் சைகை காட்டுவார். நாங்கள் அடியில் சின்னக் காயாக, கெட்டியாக, அரிசி நிறைந்த காயாகப் பார்த்து இரண்டு கை கலந்துவிடுவோம். எடை வந்துவிடும். வாங்குகிறவன் மேலே இருக்கிற பெரிய காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆகா என்பான். அடியில் கிடக்கிற சின்னக் காயை எவன் பார்க்கிறான்?

புரிகிறதா? அவள் பெரிய காய். என் மகள் அடியில் போட்ட காய்.

நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், கணக்கர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். அது வியாபாரம். இருபது வருஷமாகக் கலக்கிறேன், ஒரு நாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. ஏன் தோன்ற வேண்டும்? காய்க்கு அம்மா கிடையாது.

அந்தக் கணக்கரைத்தான் உட்கார வைத்து லெட்டர் எழுத வைத்தேன். காலேஜ் பிரின்ஸ்பாலுக்கு. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், பிள்ளை நன்றாகப் படிக்கிறது, விட்டுவிடுங்கள் என்றார். நான் நகரவில்லை. என் மகள் ஐந்து வருஷம் ஆடி ஜெயித்தவள், அவளை மார்க்குக்காக எடுத்து ஓரத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் தூக்க விடுகிறாள் உங்கள் மேடம், மார்க்கு இல்லாதவளை என் மகள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாள், ஒன்று என் மகளை ஆட விடுங்கள், இல்லை அந்த ரோஸ்லினை வெளியே அனுப்புங்கள். இவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கீழே நானே கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் தபால். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அழுது கெடுத்துவிடுவாள்.

பத்து நாளில் பதில் வந்ததே! யாரிடமும் பேசத் தெரியாதவள் எழுதின லெட்டருக்கு அவ்வளவு பெரிய காலேஜ் பதில் போட்டிருக்கிறது. கணக்கர் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அவருக்கும் சந்தோஷம்தான் போல. பிரமிளா மேடத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். வெளியிலிருந்து மூன்று பேர் வருகிறார்களாம். இன்றைக்கு மதியம் மூன்று மணிக்குக் காலேஜ் மைதானத்தில் அந்த மூன்று பேர் முன்னால் என் மகள் ஆடிக் காட்ட வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும், கூடையில் போட வேண்டும், இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. ஆடத் தெரிந்தவள்தான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் சீட்டு அப்படியே இருக்கும். இல்லையென்றால் அவள் சீட்டு ரத்து. அவள் மார்க்கு போய்விட்டால் கணக்குக் குறைந்துவிடும் அல்லவா, அதனால் அந்த ரோஸ்லின் சீட்டும் ரத்து. அம்மாவும் வந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

ஆடிக் காட்டட்டுமே! இதைத்தானே நான் கேட்டேன்.

மகளிடம் அன்றைக்குச் சாயங்காலம் போன் பேசினேன். அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா" என்றாள். நான் உனக்காகத்தான் செய்தேன் என்றேன். பின்னால் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி, வா" என்று வைத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கூட வாங்க என்றதற்கு, நீதானே ஆரம்பித்தாய், நீயே போய் முடித்துக்கொண்டு வா என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பேசாமல் இருந்தால் இருக்கட்டும். நானும் பேசுகிறவள் இல்லையே.

ஒரு வேடிக்கை கேளுங்கள். முந்தாநாள் அந்த ரோஸ்லின் எனக்கு போன் போட்டாள். என்னைத் திட்டத்தான் போடுகிறாள் என்று நானும் தயாராக எடுத்தேன். திட்டவில்லை. "ஆன்ட்டி, காலையிலயும் சாயங்காலமும் தாரணிய பந்து போட வைக்கிறேன். போன வாரம் நூறு போட்டா பன்னெண்டு விழுந்துச்சு. இப்ப முப்பது விழுது. கை வீங்கியிருக்கு, வரும்போது நல்லெண்ணெய் கொண்டாங்க" என்கிறாள். பார்த்தீர்களா? ஏழு மாதமாகக் கொடுக்காத பந்து ஒரு லெட்டர் போட்டதும் கைக்கு வந்துவிட்டது. பயம். சீட்டு போய்விடும் என்றதும் என் மகளின் காலைப் பிடிக்கிறாள். நல்லெண்ணெய் கொண்டுவந்திருக்கிறேன், என் பிள்ளைக்காக.

பன்னிரண்டு குறைவுதான். எனக்கும் முதலில் என்னவோ மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஏழு மாதம் ஓரத்தில் உட்கார வைத்தால் கை மறக்காதா? நான் பிரசவத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கும்தான் பெரிய காய் எது, நடுக்காய் எது என்று ஒரு வாரம் கண் தடுமாறியது.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

இப்போதே போன் போட்டு லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்வதா? எதற்கு? நீங்கள் யார் அக்கா, அந்த மேடத்துக்குச் சொந்தமா? உங்களுக்கு இடம் கொடுத்து, மனதில் இருப்பதைச் சொன்னால், நீங்களும் சுருளியம்மாள் மாதிரியே பேசுகிறீர்கள். உங்கள் மகனை நாளைக்கு ஒருத்தி எடைக்காகக் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வைத்தால் அப்போது தெரியும். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருப்பீர்களா?

அவளுக்கு ஆடத் தெரியும். தெரியாமல்தான் ஐந்து வருஷம் பனியன் போட்டாளா? இதோ பாருங்கள், நன்றாகப் பாருங்கள், ஐந்து வருஷத்துப் பனியன். சாயம் போயிருக்கிறதா? நூல் பிரிந்திருக்கிறதா? முகர்ந்து பாருங்கள். கடையில் வாங்கினபடி இருக்கிறது. அக்குளில்கூட…

தெரியும் அக்கா. தெரியும்.

பொள்ளாச்சி வந்துவிட்டதா? இருங்கள், குழந்தையின் செருப்பு இங்கே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் என்னவாவது பேசியிருப்பேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இறங்குவதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் யாரிடமும் கேட்டதில்லை, வெட்கமாக இருக்கும். கண்டக்டர் விசில் அடிக்கட்டும், ஒரு நிமிஷம். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கூடை இருக்கிறதே, எந்தப் பக்கத்துக் கூடையில் விழுந்தால் என் மகளுக்கு? எப்போது கை தட்ட வேண்டும்? நான் ஒருத்திதான் அவளுக்காக உட்கார்ந்திருப்பேன். விழாத நேரத்தில் தட்டிவிட்டேன் என்றால், அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள்.